பேர் எழுதாத பெட்டி

'டப்' என்று ஒரு சத்தம். தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி மந்தமாக இரண்டு சுற்று சுற்றிவிட்டு நின்றது. மேஜையில் இருந்த லேப்டாப்பின் திரை கறுத்தது. காலை ஆறு மணியிலிருந்து ஒற்றை விரலால் தட்டித் தட்டி நிரப்பிய விண்ணப்பத்தில் எவ்வளவு மிஞ்சியதோ, எவ்வளவு போனதோ, யாருக்குத் தெரியும்.

"யாரு அயர்ன் பாக்ஸைப் போட்டது?" என்று கத்தினார் டெஸ்டர்.

"நான்தாம்பா. யூனிஃபார்ம் தேய்க்க வேணாமா?" என்று உள்ளறையிலிருந்து மகளின் குரல் வந்தது.

"ஹீட்டர் ஓடும்போது அயர்ன் பாக்ஸ் போடக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது?"

"ரெண்டையும் தனித்தனி லைன்ல போட்டுத் தர்றேன்னு நீங்க எத்தனை தடவை சொன்னீங்க?"

எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண்ணிடம் அதற்கு மேல் வாய் கொடுத்தால் மானம் மிஞ்சாது. அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுவதற்குள், அடுப்படிக் கதவுக்குப் பின்னால் 'டக்' என்று சத்தம் கேட்டது. விசிறி சுற்றத் தொடங்கியது. மனைவி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "அயர்ன் பாக்ஸை எடுக்கச் சொல்லிட்டேன். நீங்க எழுதுங்க" என்றாள்.

டெஸ்டருக்கு அவளை நிமிர்ந்து பார்க்கக்கூட நேரமில்லை. பேட்டரி செத்துப்போன லேப்டாப்பைத் தலையில் கட்டிய மைத்துனனை மனதுக்குள் திட்டிக்கொண்டே, அது மறுபடி உயிர்பெறக் காத்திருந்தார்.

டெஸ்டர் என்பது அவருக்குத் தொழில் வைத்த பெயர். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா செருகுகிற இடத்தில் இவர் டெஸ்டர் செருகியிருப்பார். இருபது வருஷ எலக்ட்ரீஷியன் வேலையில், பெற்றவர்கள் வைத்த பெயர் வாக்காளர் பட்டியலில் மட்டும்தான் பாக்கி.

அந்த வேலைதான் இப்போது படுத்துவிட்டது. ஊரில் புதுக் கட்டடங்கள் பாதியில் நிற்கின்றன. தெருவுக்கு மூன்று எலக்ட்ரீஷியன். ஒரு மின்விசிறி மாட்டக் கூப்பிட்டால் மூன்று பேரும் ஏணியோடு வந்து நிற்கிறார்கள். பக்கத்து மாநிலத்திலோ ரயில் பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. நானூறு எலக்ட்ரீஷியன்கள் வேண்டும், மாதச் சம்பளம், குடியிருக்க வீடு. ஒரே ஒரு சிக்கல், இந்த மாநிலத்து லைசென்ஸ் எல்லை தாண்டினால் செல்லாது. அதைக் கொடுத்து அவர்களுடைய லைசென்ஸை வாங்க வேண்டும். அதற்குத்தான் இந்த விண்ணப்பம். இன்று மாலை ஐந்து மணியோடு சரி. விட்டால் அடுத்த வருஷம்தான்.

ஏற்கெனவே இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதல் தடவை, புகைப்படத்தில் காது தெரியவில்லையாம். காதை வைத்தா வயர் இழுக்கப் போகிறேன் என்று வீட்டையே இரண்டாக்கினார். இரண்டாம் தடவை, முத்திரை பாதி தாளுக்கு வெளியே போய்விட்டதாம்.

லேப்டாப் விழித்தது. நல்லவேளை, மூன்று பக்கம் தப்பியிருந்தது. நாலாவது பக்கத்தில் 'உடன் வரும் குடும்பத்தினர்' என்று ஒரு கட்டம். ஒவ்வொருவருடைய அடையாள எண்ணையும் கேட்டது. அதற்கு பீரோவைக் குடைய வேண்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று காலியாக விட்டுத் தாண்டினார். டீயோடு பின்னால் வந்து நின்ற மனைவி, திரையை ஒரு கணம் பார்த்தாள். டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அப்போதுதான் போன் அடித்தது. பக்கத்து மாநில லைசென்ஸ் அலுவலகத்து உதவி எண்ணிலிருந்து ஒரு பெண்.

"சார், நேத்து மூணு படம் அனுப்பியிருக்கீங்க. பிரேக்கர் பெட்டி தெரியுது. பேரைக் காணோம்."

"எந்தப் பேர்?"

"எந்த சுவிட்ச் எந்த ரூமுக்குன்னு பக்கத்துல எழுதியிருக்கணும்ல. மூணு பெட்டியும் மொட்டையா இருக்கு."

"எழுத வேண்டிய அவசியமே இல்லம்மா. எல்லாம் என் தலைக்குள்ள இருக்கு."

"அப்ப தலையைத் திறந்துதான் படம் எடுக்கணும் சார்." அந்தப் பெண்ணின் குரலில் சிரிப்பே இல்லை. "ஒரு தொழிற்கூடம், ஒரு கிளினிக் இல்லன்னா ஆபீஸ், ஒரு வீடு. நீங்க வயரிங் பண்ணினதா இருக்கணும். பேர் படிக்கிற மாதிரி இருக்கணும். பேர் எழுதாத பெட்டியை இங்க முடிச்ச வேலையாவே எடுத்துக்க மாட்டாங்க. அஞ்சு மணிக்கு எல்லாம் மூடிடும்."

டெஸ்டர் போனை வைத்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். நேற்று அனுப்பியதெல்லாம் பெட்டி மாட்டிய அன்று எடுத்த பழைய படங்கள்.

இருபது வருஷத்தில் அவர் மாட்டிய பெட்டிகள் முந்நூறு இருக்கும். ஒன்றில்கூடப் பேர் எழுதியதில்லை. மறந்துபோய் அல்ல. பேர் எழுதினால் வீட்டுக்காரனே சுவிட்சைத் தட்டிக்கொள்வான். அப்புறம் எலக்ட்ரீஷியனை யார் கூப்பிடுவார்கள்? எழுதாமல் விட்டால், எது போனாலும் டெஸ்டர்தான் வர வேண்டும். தொழிலுக்கு வந்த இரண்டாம் மாதமே கண்டுபிடித்த சூட்சுமம் இது. இதை வைத்துத்தான் ஊரில் மற்றவர்கள் பிழைப்பில் அவர் மண்ணைப் போட்டிருந்தார். இன்று அதே மண் அவர் தலையிலேயே விழுந்தது.

மைத்துனன் ஸ்கூட்டரோடு வந்தான். மனைவியின் தம்பி, செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன். ஆள் இல்லாத நேரமெல்லாம் கடையைப் பூட்டிவிடுவான். ஆள் வருகிற நேரத்திலும் பூட்டிவிடுவான் என்பது டெஸ்டரின் கட்சி.

"ஏறுங்க மாமா. மூணு பெட்டிதானே, மத்தியானத்துக்குள்ள முடிச்சிடலாம்."

"நீ வாயை வச்சிட்டேல்ல, அப்ப முடிஞ்ச மாதிரிதான்."

வண்டி கிளம்பியது. பின்னால் உட்கார்ந்திருந்த டெஸ்டரின் மடியில் வெள்ளை ஸ்டிக்கர் கட்டும் ஒரு மார்க்கர் பேனாவும்.

"அங்க வாடகை, வெலவாசியெல்லாம் எப்படி மாமா? சம்பளம் ரெண்டு மடங்குன்னா செலவும் ரெண்டு மடங்கு இருக்குமே."

"வீடு அவனே தர்றான்டா. விசாரிக்காமலா போவேன்?"

"பாஷை?"

"கரண்டுக்கு என்ன பாஷை? தொட்டா எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதான் அலறணும்."

மைத்துனன் சிரித்தான். பிறகு, "அக்கா என்ன சொல்றா?" என்றான்.

"என்ன சொல்வா? வாயே திறக்கல. மூணு வாரமா இந்தப் பேச்சை எடுத்தாலே பாத்திரம் கழுவப் போயிடறா. இருக்கிற பாத்திரமே நாலு. பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லித் தொலைக்கலாம்ல?"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அங்க வேலை இருக்கு, சம்பளம் இவ்வளவு, கிடைச்சா கிளம்பணும்னு சொன்னேன். வேற என்ன சொல்லணும்? குவார்ட்டர்ஸ் படம்கூடப் பார்த்து வச்சிட்டேன். மூணாவது மாடியா கேட்டு வாங்கணும், உங்கக்காவுக்குக் காத்து இல்லாம ஆகாது. அடுப்படியில பெரிய ஜன்னல் இருக்கு. பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் ரெண்டு தெரு தள்ளி, நடந்தே போயிடலாம்."

"இதெல்லாம் அக்காகிட்ட..."

"டேய், சிக்னல்ல பச்சை விழுந்துடுச்சு. ரோட்டைப் பாரு."

முதலில் அச்சகம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் டெஸ்டர் வயரிங் செய்த இடம். உள்ளே நுழைந்தால் மை வாசனை. மூன்று இயந்திரங்களும் தடதடவென்று நோட்டீஸ் துப்பிக்கொண்டிருந்தன. அச்சகக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"நான் கூப்பிடவே இல்லையே. கூப்பிட்டாலே நாலு நாள் கழிச்சுத்தானே வருவே?"

"பெட்டியில பேர் எழுதிட்டுப் போலாம்னு வந்தேண்ணே."

"பேர் எழுதுறது என் தொழிலாச்சே. உனக்கு என்ன திடீர்னு?"

டெஸ்டர் பெட்டியைத் திறந்தார். பன்னிரண்டு சுவிட்சுகள் வரிசையாக நின்றன. முதலாவது வெளி விளக்கு. இரண்டாவது... இரண்டாவது பெரிய இயந்திரமா, ஆபீஸ் அறையா? தலைக்குள் தேடினார். தலைக்குள் இருந்ததாக இருபது வருஷம் நம்பியிருந்த இடத்தில் முந்நூறு பெட்டிகளும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன.

வேறு வழியில்லை. இரண்டாவதைத் தட்டினார்.

பெரிய இயந்திரம் ஒரு முனகலோடு நின்றது. பாதி உள்ளே பாதி வெளியே என்று ஒரு தாள் அப்படியே கிழிந்து, மை உருளையில் சுற்றிக்கொண்டது.

அச்சகக்காரர் சத்தம் போடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சத்தம் போடுவதைவிட மோசமாக இருந்தது.

"இன்னும் பத்து சுவிட்ச் இருக்கு" என்றார். "ஒவ்வொண்ணா இப்படித்தான் கண்டுபிடிக்கப் போறியா?"

"எனக்கே மறந்துபோச்சுண்ணே."

"உனக்கே மறந்துபோச்சா? அப்ப இத்தனை வருஷம் நீ வந்து என்ன பண்ணினே?"

"இதேதான். நீங்க டீ குடிக்கப் போயிருப்பீங்க."

மைத்துனன் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்க நின்றான். உருளையைச் சுத்தம் செய்ய முக்கால் மணி நேரம் ஆனது. அதையும் டெஸ்டரையே செய்யவைத்தார் அச்சகக்காரர். மை படிந்த கையோடு பன்னிரண்டு ஸ்டிக்கர்களையும் ஒட்டிப் படம் எடுத்தபோது மணி பன்னிரண்டரை.

"ஊரை விட்டுப் போறியாமே" என்றார் அச்சகக்காரர், வாசல்வரை வந்து. மைத்துனன் உளறியிருக்கிறான். "அப்ப எனக்கு யாரு?"

"அதான் பேர் எழுதிட்டேனே."

"ஆமா, பதினோரு வருஷம் கழிச்சு. போற அன்னிக்கு."

அடுத்து பல் கிளினிக். வழியில் போன் மூன்று தடவை அடித்தது. மூன்றும் ஒரே ஆள், ஒரு மாடி வீட்டு அம்மா. மோட்டார் ஓடவில்லையாம்.

"இடது பக்கத்துல இருந்து நாலாவதைத் தூக்குங்கம்மா... அது இல்லையா? அப்ப வலது பக்கத்துல இருந்து... என்னது, ஃபிரிட்ஜ் நின்னுடுச்சா? சரி, அதைத் தூக்கி விட்டுட்டு... அம்மா, எதையும் தொடாதீங்க. நாளைக்கு வர்றேன்."

"நாளைக்கு நீங்க எந்த ஸ்டேட்ல இருப்பீங்களோ" என்றான் மைத்துனன்.

"வாயை மூடிட்டு ஓட்டு."

கிளினிக்கில் டாக்டரம்மா ஒருவருடைய வாய்க்குள் மும்முரமாக இருந்தார். இம்முறை டெஸ்டர் புத்திசாலித்தனமாக முன்கூட்டியே கேட்டார்: "டாக்டர், பெட்டியில பேர் எழுதணும். ஒவ்வொண்ணா தட்டிப் பார்க்கலாமா?"

"இந்த சேரை மட்டும் விட்டுட்டு மத்ததைத் தட்டுங்க."

"சேர் எந்த சுவிட்சுன்னு தெரிஞ்சா விட்டுடலாம் டாக்டர். அதைக் கண்டுபிடிக்கத்தான் வந்திருக்கேன்."

டாக்டரம்மா முகமூடிக்கு மேலே தெரிந்த கண்களால் அவரைப் பார்த்தார். "எல்லாம் உங்க தலைக்குள்ள இருக்குன்னு சொல்லித்தானே போன மாசம்கூட வந்தீங்க?"

சேரில் கிடந்தவர் திறந்த வாயோடு ஏதோ சொன்னார். அது டெஸ்டருக்கு ஆதரவான வார்த்தையாகத் தோன்றவில்லை.

அந்த ஆள் வாய் கொப்பளித்துப் போகும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். பிறகு இன்னொருவர் வந்து உட்கார்ந்தார். அவர் போனதும், அவசரம் என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண். மணி இரண்டரை. டெஸ்டர் காத்திருப்போர் நாற்காலியில் உட்கார்ந்து, எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த சொத்தைப் பல் படத்தை முறைத்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்து கேட்க வந்தவர் வாயை மூடிக்கொண்டிருக்க, வாயைத் திறக்கிறவர்களுக்குத்தான் அங்கே மரியாதை.

மூன்றேகாலுக்கு ஒருவழியாக முடிந்தது. இரண்டாவது படமும் கைக்கு வந்தது.

"கடைசியா வீடு" என்றார் டெஸ்டர். "ரிட்டயர்டு மேனேஜர் வீட்டுக்கு விடு. தனி வீடு, பெரிய பெட்டி. ரெண்டு வருஷம் முன்னாடி முழு வீட்டுக்கும் நான்தான் வயர் இழுத்தேன்."

வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர் வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். டெஸ்டரைப் பார்த்ததும் குழாயை மூடினார்.

"வாங்க, வாங்க. ஆறு மாசத்துக்கு முன்னாடி போன் பண்ணினேன். இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"கொஞ்சம் வேலை அதிகம் சார். பெட்டியில பேர் எழுதித் தந்துடலாம்னு வந்தேன்."

"நல்ல எண்ணம். போய்ப் பாருங்க."

பெட்டியைத் திறந்த டெஸ்டர் அப்படியே நின்றார். பதினாறு சுவிட்சுக்கும் பதினாறு பேர். அச்சடித்த எழுத்து, வரிசை பிசகாமல், மேலே கண்ணாடித்தாள் வேறு ஒட்டியிருந்தது. கதவின் உட்பக்கத்தில் வீட்டின் வரைபடம். அதற்குக் கீழே வேறொரு எலக்ட்ரீஷியனின் பெயரும் போன் நம்பரும்.

"பெட்டியையே மாத்திட்டேன்" என்றார் மேனேஜர் பின்னாலிருந்து. "ரெண்டாவது தெருவுல ஒரு பையன் இருக்கான். அதுக்கப்புறம் அவனைக் கூப்பிட வேண்டிய தேவையே வரல. ஆனா கூப்பிடணும்னா அவனைத்தான் கூப்பிடுவேன்."

டெஸ்டர் "நல்லா பண்ணியிருக்கான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினார். அது வேறொருவனின் வேலை. அதைப் படம் எடுத்து அனுப்ப அவர் கை போகவில்லை.

வெளியே வந்தபோது மணி நாலு. மைத்துனன் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றான். "என்ன மாமா, இப்படி முழிக்கிறீங்க? வேற வீடா இல்ல?"

"இருக்கு, நூறு இருக்கு. ஒவ்வொண்ணுலயும் நுழைஞ்சு, வீட்டுக்காரங்ககிட்ட ஏச்சு வாங்கி, தட்டிப் பார்த்து, ஒட்டி... எங்கடா நேரம்? இந்த ஊர்ல ஒருத்தன் நல்லபடியா கிளம்பிப் போக முடியுதா? காது தெரியலைன்னு ஒருத்தன், பேர் தெரியலைன்னு ஒருத்தி. பத்தாததுக்கு வீட்டுல ஒருத்தி வாயைத் திறக்கிறதே இல்ல."

"நம்ம வீடு இருக்கே மாமா."

டெஸ்டர் அவனைப் பார்த்தார். இருபது வருஷத்தில் அந்த எண்ணம் அவருக்கு வந்ததே இல்லை. அந்தப் பெட்டியும் அவர் மாட்டியதுதான். எட்டே எட்டு சுவிட்ச். ஸ்டிக்கர் ஒட்டப் பத்து நிமிஷம் போதும்.

வீட்டுக்குள் அவர் செருப்போடு நுழைந்ததை யாரும் கண்டிக்கவில்லை. மகள் மேஜையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நேராக அடுப்படிக்குப் போய், கதவை விலக்கி, பெட்டியின் மூடியைத் திறந்தார். மார்க்கரின் மூடியைப் பல்லால் கடித்து இழுத்தவர், அதை வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

எட்டு சுவிட்சுக்குப் பக்கத்திலும் காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளை பிளாஸ்திரி, சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டியிருந்தது. நீலப் பேனாவில் உருண்டை உருண்டையாக எழுத்து. 'வாசல் லைட்.' 'பாப்பா ரூம்.' 'அடுப்படி.' 'மோட்டார் - இருபது நிமிஷம், மறக்கக் கூடாது.' 'ஹால் - ஹீட்டரும் அயர்னும் சேர்த்துப் போடக் கூடாது.' கடைசிச் சுவிட்சுக்கு எதிரே, 'தெரியவில்லை. தொடாதே.'

காலையில் எழுந்த அந்த 'டக்' சத்தம் அவருக்கு இப்போதுதான் கேட்டது. எந்தச் சுவிட்ச் என்று அவள் தேடவே இல்லை.

"மாமா, மணி நாலு இருபது. அப்புறம் ரசிக்கலாம், படத்தை எடுங்க" என்றான் மைத்துனன்.

எடுத்தார். லேப்டாப்பைத் திறந்து ஏற்றினார்கள். வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. மகள் அயர்ன் பாக்ஸ் பக்கம் போகாமல் மைத்துனன் காவல் நின்றான். நாலு ஐம்பதுக்கு மூன்று படங்களுக்கும் எதிரே பச்சை நிறத்தில் 'சரி' விழுந்தது. டெஸ்டர் முதுகை நிமிர்த்தி, காலையிலிருந்து அடக்கியிருந்த மூச்சை விட்டார்.

மைத்துனன் குனிந்து திரையின் அடியில் இருந்த சிவப்பு வரியைப் படித்தான். "உடன் வரும் குடும்பத்தினர், நிரப்பப்படவில்லை. காலியாக விட்டால் யாரும் இல்லை எனக் கொள்ளப்படும்." படித்துவிட்டு அவன் அக்காவைப் பார்த்தான்.

அவள் மடித்த துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு மேஜைக்குப் பின்னால் நின்றாள்.

டெஸ்டர் அந்த வரியைக் கவனிக்கவில்லை. இன்னும் பிளாஸ்திரியிலேயே இருந்தார். "எப்ப எழுதினே அதெல்லாம்?"

"மூணு வாரம் ஆச்சு. நீங்க வேலை விஷயம் சொன்ன மறுநாள். ஒவ்வொண்ணா தட்டிப் பார்த்து எழுதினேன்."

"எதுக்கு? நான் ஒருத்தன் வீட்டுலயே இருக்கும்போது?"

அவள் மேலாக இருந்த அவருடைய சட்டையை எடுத்து, மடிப்புக் கலையாமல் நாற்காலி முதுகில் போட்டாள்.

"நீங்க அங்க போனப்புறம் இங்க கரண்ட் போச்சுன்னா, நானும் பாப்பாவும் யாரைப் போய்க் கூப்பிடுறது?"